கடற்காற்றில் நிற்காத மடிப்பு

மடிப்பண்ணன் தேய்த்துவைத்த சட்டைக் கையின்மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு துண்டாகிப் போனது உண்டு. சரி, ஈ தப்பிவிட்டது. கொஞ்சம் ஊதித்தான் சொல்கிறேன். ஆனால் அந்த மடிப்பில் விரலை ஓட்டினால் சுருக்கென்று உறைக்கும் என்பது மட்டும் சத்தியம். பெற்றவர்கள் வைத்த பெயரைத் தெரு மறந்து, தன் தேய்ப்புக்கடைக்காரருக்கு இந்தப் பெயரை வைத்ததே அதனால்தான்.

அவர் மனைவி பேருந்தில் கண்டக்டர். புடவைக்கு மேல் அவள் மாட்டிக்கொள்ளும் காக்கிக் கோட்டுக்குக் கஞ்சி போட்டு, காலையில் முதல் வேலையாகத் தேய்த்துக் கொடுப்பார். இரவு அவள் திரும்பி வரும்போது எதிர்க்கடைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். காலையில் நின்ற மடிப்பு அப்படியே நிற்கும்.

"பாத்தியாய்யா? நாள் பூரா நாலாயிரம் பேர் இடிச்சும் அசையல!" என்று மடிப்பண்ணன் மார்தட்டுவார். தையல்காரருக்கு வயிறு எரியும்.

மார்தட்டுகிறவர் வயிறு மட்டும் குளிர்ந்தா கிடந்தது? அவளுடைய பேருந்து கடைசியாகப் போய் நிற்பது கடலோரப் பகுதியில். இவர் ஒரே இடத்தில் நின்று கரிப்பெட்டியோடு வேகிறார். அவளோ செருப்பில் மணலும் முகத்தில் சிரிப்புமாக வந்து இறங்குகிறாள். பொழுதெல்லாம் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்தவள் முனகிக்கொண்டல்லவா வர வேண்டும்?

"அப்படி என்னதான் இருக்கு அங்க?" என்று நச்சரித்து நச்சரித்து, அவளுக்கு லீவு கிடைத்த ஒரு நாளில் தன் கடையையும் சாத்திவிட்டுக் கூடவே கிளம்பினார்.

பேருந்திலிருந்து இறங்கிய கால் தரையில் ஊன்றவில்லை, அவளுக்கு விசாரிப்பு ஆரம்பித்துவிட்டது.

"கண்டக்டரம்மா, என்ன, இன்னிக்குக் கோட்டு போடாம?" என்றார் பலூன் சுடும் கடைக்காரர். கரையில் உட்கார்ந்து வலையின் கிழிசலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவர் ஊசியோடு கையை ஆட்டினார். ராட்டினக்காரர் இவளிடம் நலம் விசாரிப்பதற்காக ராட்டினத்தையே நிறுத்த, உச்சியில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் வீல் வீலென்று கத்தினார்கள். பட்டம் விற்பவள் இவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். மடிப்பண்ணனையும் தெருவில் எல்லோரும் தேடுவார்கள்தான், சட்டை வேண்டியிருந்தால். அவர் கன்னத்தை இதுவரை யாரும் கிள்ளியதில்லை.

ஐஸ் வண்டிக்காரர் கேட்காமலே ஒன்றை எடுத்து நீட்டினார். "உங்களுக்கு எலுமிச்சை, உப்புத் தூக்கலா. சாருக்கு?"

அவள் கண்டக்டரம்மா, இவர் வெறும் சார்.

"எலுமிச்சை பிடிக்கும்னு எங்கிட்ட சொன்னதே இல்லையே?" என்றார் மனைவியிடம்.

"நீங்க எப்பக் கேட்டீங்க?"

இரண்டாவது ஐஸை வாங்கி வாயில் வைத்த நேரத்தில்தான் பேருந்து நிலையத்துச் சுவரை ஒட்டி ஒரு தேய்ப்புக்கடை கண்ணில் பட்டது. உள்ளே மின்சாரப் பெட்டி, புகையில்லை, கரியில்லை. சுருட்டைமுடியோடு ஒருவன் பாட்டை முணுமுணுத்தபடி தேய்த்துக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"அக்கா! இன்னிக்குத் தேய்க்கக் கோட்டு இல்லையா?"

மடிப்பண்ணன் ஐஸை உறிஞ்சுவதை நிறுத்தினார். "எந்தக் கோட்டு?"

கண்டக்டரம்மா கடலையே உற்றுப் பார்த்தாள், அன்றைக்குத்தான் அதை யாரோ கொண்டுவந்து வைத்ததுபோல.

"தினம் கடைசி ட்ரிப் கிளம்பறதுக்கு முன்னாடி குடுப்பாங்களே, சார்," என்றான் சுருட்டை. "இந்தக் காத்துக்குக் கஞ்சி நிக்காது. நனைஞ்ச காகிதமாத் தொங்கிடும். ஒரு ஓட்டு ஓட்டிக் குடுப்பேன்."

ஐஸ் கரைந்து முழங்கை வழியாக வழிந்தது. அவள் வேறொருவனைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூட மனிதர் ஆறு மாதத்தில் மன்னித்திருப்பார். தன் மடிப்பின் மேல் வேறொருவன் பெட்டியா!

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா, ராத்திரி தையல்காரர்கிட்ட எதைக் காட்டி மார்தட்டுவீங்க?"

பதில் இல்லாத ஆண்பிள்ளை செய்வதைத்தான் அவரும் செய்தார்: சண்டைக்கு இழுத்தார். "எடுய்யா உன் பெட்டிய. யார் மடிப்பு நிக்குதுன்னு இன்னிக்குப் பாத்துடுவோம்!"

ஐஸ் வண்டிக்காரரின் சட்டையைக் கழற்றினார்கள். இடது கை மடிப்பண்ணனுக்கு, வலது கை சுருட்டைக்கு. ஒரே பெட்டி, ஒரே மேஜை. மின்சாரப் பெட்டி பஞ்சுபோலக் கையில் மிதந்ததில் மடிப்பண்ணனுக்கு இன்னொரு எரிச்சல் சேர்ந்துகொண்டது. பிறகு ஐஸ் வண்டிக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு, காக்கை விரட்டும் பொம்மைபோல இரண்டு கைகளையும் விரித்தபடி அலையோரம் போய் நின்றார். பலூன், பட்டம், ராட்டினம் எல்லாம் தொழிலை விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டன.

"விடாதீங்க, கண்டக்டரம்மா வீட்டுக்காரரே!" என்று கூச்சல். உற்சாகப்படுத்தும்போதுகூட அவள் பெயரில்தான்.

காற்று அடித்தது ஒரே அடி. ஒரு கை படுத்தது. பார்த்தவர்கள் வாயை மூடுவதற்குள் மற்றதும் படுத்தது. எது முதலில் என்று கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தியது.

சுருட்டை மட்டும் கத்தவில்லை. மடிப்பண்ணன் பக்கத்தில் வந்து நின்றான். "நான் எங்க சார் புதுசா மடிப்புப் போட்டேன்? உங்க கோடு அதுல இருக்கும். அது மேலயே பெட்டிய ஓட்டுவேன். கோடு மயிரிழை நகர்ந்தாலும் அக்கா காக்கிக் கோட்ட என் மூஞ்சில வீசிடுவாங்க."

மடிப்பண்ணன் 'ம்' என்றார். திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, அந்த ஒரு 'ம்'மையே மென்றுகொண்டு வந்தார்.

தெருவில் காலை வைத்ததுமே தையல்காரர் பிடித்துக்கொண்டார். "என்ன மடிப்பண்ணே, கடல் எப்படி?"

"கடல் கிடக்குது. அங்கயும் ஒருத்தன் பெட்டி வச்சிருக்கான். போட்டி வச்சோம். அவன் கை பொத்துன்னு விழுந்துச்சு. நம்ம கை நின்னுச்சு பாரு, கத்தி!"

செருப்பிலிருந்த மணலை வாசலில் தட்டிக்கொண்டிருந்த கண்டக்டரம்மா தலையைத் தூக்கவில்லை.

"நிக்கல. இவரு கைதான் முதல்ல விழுந்துச்சு. அது காத்துப் பக்கம் இருந்த கை, அதையும் சொல்லிடறேன்."

தையல்காரர் கண் மின்னியது. "அப்ப தினம் ராத்திரி கோட்டுல நிக்குதே, அந்த மடிப்பு?"

"அது ரெண்டு பேரு போட்டது."