கடல்காற்று வராத நாளின் அளவு

அடையாறில் ஒரு வானிலை ஆய்வு வளாகத்தின் கோடியில் கம்பிவேலி போட்ட புல்தரை. உள்ளே மழைமானியும் வட்டமான ஒரு உலோகத் தொட்டியும் இருக்கும். தண்ணீர் எவ்வளவு ஆவியாகிறது என்று அளக்கும் தொட்டி அது; ஆபீசில் இங்கிலீஷில் ‘பேன்’ (pan) என்பார்கள். அதன் நடுவில் நிற்கும் முள்ளின் முனைவரை தண்ணீர் இருக்க வேண்டும். ஒரு நாள் வெயிலிலும் காற்றிலும் இறங்கியதை மறுநாள் காலை எட்டரைக்கு அளவுக் குவளையால் ஊற்றி நிரப்ப வேண்டும். எத்தனை குவளை ஊற்றினோமோ அவ்வளவு ஆவியாகியிருக்கிறது. ஏழாவதோடு படிப்பை விட்ட எனக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்.

கேட் வாட்ச்மேன் தினமும் சிரிப்பார். “இன்னா நைனா, தண்ணில தண்ணி ஊத்தறதுக்கு ஒரு வேலையா?”

அதற்குப் பிறகு மறுநாள் காலைவரை என்னிடம் யாரும் பேசமாட்டார்கள். மந்தைவெளி அறையிலும் நான் ஒருவன்தான். வேலி கேட்டைப் பூட்டினேனா, சரியாக எண்ணினேனா என்று பாதி வழியில் பஸ்ஸைவிட்டு இறங்கித் திரும்பிப் போன நாட்கள் உண்டு. தினக்கூலி வேலை. ஒரு தப்பு நடந்தால் அனுப்பிவிடுவார்கள் என்று பயம்.

மே மாதத்தில் ஒருநாள், மதியம் வர வேண்டிய கடல்காற்று வரவில்லை. கிண்டிப் பக்கமிருந்து அனல்காற்றே சாயங்காலம்வரை அடித்தது. மறுநாள் காலை ஊற்றினேன். ஐந்து, ஆறு, ஏழு. தண்ணீர் முள்முனைக்கு வரவில்லை. ஒன்பதாவதில்தான் தொட்டது. தொட்டி ஒழுகுகிறதோ, நான்தான் சிந்திவிட்டேனோ? கேட்க ஆளில்லை. மற்ற நாட்களில் வழக்கமாக வரும் ஐந்தையே ரிஜிஸ்டரில் எழுதிவிட்டேன்.

பத்து மணிக்கு, ரிஜிஸ்டரைச் சரிபார்க்கும் ஆபீசர் கூப்பிட்டார்.

“நேத்து சீ ப்ரீஸே வரல. கடல் ஈரம் வந்தாதான் தொட்டித் தண்ணி மெல்லக் குறையும். அஞ்சுதானா ஏழுமலை?”

“ஒம்பது சார். யாரும் நம்ப மாட்டீங்களோன்னு...”

“வழக்கமான நம்பர்னா நானே ரூம்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்து எழுதிடுவேனே. உன்ன எதுக்கு வெயில்ல நிக்க வெச்சிருக்கு?”

“ஒம்பதுன்னு திருத்திடறேன் சார்.”

“இப்ப நீ எந்த நம்பர் சொன்னாலும் எப்படி நம்பி எழுதறது?”

சிவப்பு மையால் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். கோடு என்றால் அன்று அளவு எடுக்கவில்லை என்று அர்த்தம்.

வேலை போகவில்லை. அதன்பிறகு எவ்வளவு விசித்திரமான அளவு வந்தாலும் அப்படியே எழுதி, சந்தேகத்தைப் பக்கத்தில் குறித்து வைத்தேன். புதிதாக வருகிறவர்களும் அதைச் செய்தால் போதும்.

அந்தக் கோடையிலேயே தொட்டி அதிகம் வற்றிய நாள் அதுதான். பார்த்தவன் நான் ஒருவன். ரிஜிஸ்டரைப் புரட்டினால் அன்று அங்கே யாருமே வரவில்லை என்றுதான் தெரியும்.