களஞ்சியத்தைத் திறக்கச் சொன்ன அக்கா

அக்கா மறைந்து முப்பத்தோராம் நாளான இன்று இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளே, நண்பர்களே, வழமைப்படி அக்காவின் பிறப்பிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் செத்தவீட்டிலும் தொலைபேசியிலும் ஒரே கேள்வியால் என்னைத் துளைத்தெடுத்துவிட்டீர்கள்: "கடைசிக் காலத்திலை எங்களுக்குக் கதவைச் சாத்திப்போட்டு, கனடாக்காரனோடை மணிக்கணக்காய் என்ன கதை?" பதில் சொல்லாமல் விட்டால் இந்தக் கேள்வி என்னையும் தாண்டி உயிரோடிருக்கும். சொல்லித் தொலைக்கிறேன்.

அக்கா சாவகச்சேரியில் பிறந்தார். ஊரைப் பற்றி உருகினால் அவருக்குப் பிடிக்காது, ஆகவே அவ்வளவுதான். விவசாயம் படித்தார். போர் துரத்த இலண்டன் வந்தார். பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்தார். பிறகு தானிய வணிக அலுவலகமொன்றில் ஒரு மூலை மேசை கிடைத்தது. அந்த மூலையிலிருந்து, கனடாவின் பிரெய்ரிச் சமவெளியில் கோதுமையும் பருப்பும் போடும் கமக்காரருக்கு எப்போது விதைப்பது, எப்போது வெட்டுவது, எப்போது விற்பது என்று வாராவாரம் எழுதினார். இலண்டன் மோர்டனில் எங்கள் வீட்டுக்கு வெளியே மழை அடித்து ஊற்றும்; அக்கா யன்னலடியில் நின்றுகொண்டு அங்கே கனடாவின் சஸ்காச்சுவானில் ஒரு துளி இல்லையே என்று பெருமூச்சு விடுவார். கலியாணம் ஏன் செய்யவில்லை என்று கேட்டவர்களுக்கு, "சந்தை சரியில்லை" என்றார்.

அவரோடு வாழ்வது இலேசல்ல. கமக்காரருக்குச் சொன்னதையே எங்களுக்கும் சொன்னார். விதைக்கமுதல் மண்ணின் சூட்டைப் பார், கலண்டரைப் பார்க்காதே. பருப்புச் செடியின் அடிக்காய் கிலுகிலுத்தால் வெட்டு. நுனிக்காய் முற்றட்டும் என்று நின்றால் அடிக்காய் கொட்டிப்போகும். அறுத்த கையோடு ஒரு பங்கை வில், பனிமாரியில் ஒரு பங்கு, மிச்சத்தை வைத்துக்கொண்டு வேண்டுமானால் கனவு காண். அயலவன் விற்ற விலையைக் கேட்டு மயங்காதே, அவன் தவறவிட்ட விலையை ஒருநாளும் சொல்லமாட்டான். இதையெல்லாம் கலியாண வீட்டுப் பந்தியில், வாழையிலைக்கு முன்னால் இருந்து கேட்டுப் பாருங்கள்! நான் ஆசையாக எழுதி நீட்டிய கவிதை வரிகளை வாசித்துவிட்டு, "ஈரம் கூடிப்போச்சு. இப்பிடியே கட்டி வைச்சால் பூஞ்சணம் பிடிக்கும், காயப்போடு" என்றார். காயப்போட்டேன். வேறென்ன செய்வது?

அவர் பேச்சைக் கேட்டு உண்மையாகவே புறப்பட்டுப் போனவர் ஒருவர் இருக்கிறார்: இலண்டனின் மறுகோடியில் இருக்கும் இல்ஃபோர்ட் மாமியின் மகன், எங்கள் மச்சான். நல்ல கணக்காளர் வேலையை உதறிவிட்டு, குடும்பத்தோடு சஸ்காச்சுவானில் காணி வாங்கிப் பச்சை நிறப் பருப்பு விதைத்தார். போன வருட அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது. ஈரம் முற்றாக வடியாத பருப்பை உருக்குக் களஞ்சியத்தில் கொட்டினார். அந்தப் பருப்பு கிடக்கக் கிடக்க நிறம் மங்கும். நிறம் மங்கினால் விலை விழும். வசந்த வெயில் பட்டால் நடுவிலிருந்து சூடேறி உக்கவும் தொடங்கும். அந்த மாரியில்தான் அக்கா படுக்கையில் விழுந்தார்.

பின்னேரம் மூன்று மணி என்றால் அங்கே காலை. அக்கா தலையணையை நிமிர்த்திப் போனைக் கையில் எடுப்பார். நீங்கள் வருவதும் அந்த நேரம்தான். திருப்பி அனுப்பியது நான். அனுப்பச் சொன்னது அவர். நோய் முற்றிவிட்டதென்று ஆருக்கும் மூச்சு விடக்கூடாதென்றும் கட்டளை. அவர் காலடியிலேயே கிடந்த எனக்கு அன்பாய் ஒரு சொல் இல்லை. மச்சானின் பருப்புக்கு மட்டும் ஆயிரம் விசாரிப்பு. எனக்கு வந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்ட?

"நடுவிலையிருந்து ஒரு லொறி இறக்கு, சூடு கலையட்டும். அரைவாசியை இந்தக் கிழமையே வித்துப்போடு" என்பார் அக்கா. "பாப்பம் மச்சாள்" என்பார் மச்சான். அடுத்த நாளும் பாப்பம். அதற்கடுத்த நாளும் பாப்பம்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் மாமி சூப்புப் போத்தலோடு இல்ஃபோர்டிலிருந்து ரயிலுக்கு ரயில் மாறி வந்து சேர்ந்தார். அவரைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, முன்னறையில் இருத்தினேன். உள்ளே அக்காவின் குரல் சுவரைப் பிளந்தது.

"கனடாவிலை ஆரும் செத்துப்போச்சினமே?" என்றார் மாமி.

"ஒருத்தரும் சாகேல்லை மாமி. உங்கடை மோன்ரை பருப்பு சூடேறுது."

மாமியின் முகம் வெளிறியது. அதே நேரம் உள்ளே ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் மச்சான் உடைந்துபோய்ச் சொல்வது கேட்டது: "பேசாதையுங்கோ மச்சாள். அம்மா ஈலிங் கோயில் அம்மனுக்கு நேந்துபோட்டா. நீங்கள் சுகமாய் எழும்புமட்டும் களஞ்சியம் திறக்கிறேல்லையாம். நான் என்ன செய்ய?"

"மாமி! உள்ளுக்கு வாங்கோ!"

போனார். பின்னால் நானும் போனேன்.

"நேர்த்தி எண்டால் தேங்காயை உடையுங்கோ, கோயிலைச் சுத்தி விழுந்தெழும்பி அடியழியுங்கோ. பொடியன்ரை ஒரு வருசப் பயிரையே அடைவு வைக்கிறது? உங்களுக்கு விசரே?"

"என்னட்டை வேறை என்ன பிள்ளை இருக்கு?" என்றார் மாமி. "பெரிசாய்க் கேட்டால் பெரிசாய்த்தானே வைக்கவேணும்."

அக்கா மாமியைக் கட்டிலில் தன் பக்கத்தில் இருக்கச் சொன்னார். பிறகு, விலை வாசிக்கும் அதே குரலில் சொன்னார்: "மாமி, நான் எழும்பமாட்டன். டொக்டர் சொல்லிப்போட்டார். மச்சான், உனக்கும் கேக்குதே? வராத விலைக்குக் காத்திருக்கிற ஆக்களுக்கு நான் என்ன சொல்லுறனான்?"

மாமி சூப்புப் போத்தலைக் கட்டிலோரம் வைத்தார். போனைத் தன் வாயருகே எடுத்தார்.

"வில்லடா தம்பி."

"அம்மா, நேர்த்தி?"

"நேந்தது நான். அம்மனோடை நான் கதைக்கிறன். நீ கதவைத் திற."

அதன் பிறகு அக்கா எந்தக் களஞ்சியத்தை முதலில் திறப்பது, எவரிடம் விலை கேட்பது என்று அடுக்கிக்கொண்டே போனார். முடித்துவிட்டுச் சூப்பை ஒரு மிடறு குடித்தார். "உப்புக் கூட, மாமி" என்றார். மாமி சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நடுப்பருப்பு கொஞ்சம் கறுத்திருந்தது, மற்றதெல்லாம் தப்பியது. மச்சான் இறுதிக் கிரியைக்கு வரவில்லை என்று முகம் சுளித்தீர்கள். விதைப்பை விட்டுவிட்டு வந்தால் பாடையிலிருந்து எழும்பி அடிப்பேன் என்று சொன்னவர் அக்கா. அவரோடு தர்க்கம் செய்ய ஆருக்கு ஏலும்?

எனவே நன்றிகள். பராமரித்த தாதியருக்கும், கிரியைகளை நடத்திய குருக்களுக்கும், சமைத்துத் தந்த அயலவருக்கும், கோபித்துக்கொண்டாவது வந்த உங்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. "உங்களை மட்டும் உள்ளுக்கு விட்டவ, என்ன கதைச்சவ?" என்று நீங்கள் எல்லோரும் குடைந்தபோது, "சூப்புக் குடிச்சவ" என்பதற்குமேல் ஒரு சொல் சொல்லாதிருந்த மாமிக்கு எப்படி நன்றி சொல்வதென்றுதான் எனக்குத் தெரியவில்லை.

சூப்போடு வந்த அந்தக் கிழமை வெள்ளிக்கிழமையே மாமி ஈலிங் போய்வந்தார். அம்மனிடம் என்ன சொன்னீர்கள் என்று நேற்றுத்தான் கேட்கத் துணிந்தேன்.

"என்னத்தைச் சொல்லுறது? சொல்லுத் தவறினது நான், தாற தண்டனையை எனக்குத் தா எண்டனான். பொடியன்ரை பயிரிலை மட்டும் கை வையாதையணை எண்டனான்."