வகுப்பில் கேட்ட வெடிச்சத்தம்

ஆங்கிலம் கற்பிக்க வேண்டும் என்ற ஆசை எனக்குள் விழுந்தது, ஒரு கல்லூரி வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில். அப்போது நான் நான்காம் வகுப்பு. என் பள்ளிக்கு விடுமுறை. சிவகாசிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலமும் எழுத்துப் பயிற்சியும் நடத்திய சித்தி, என்னையும் கூட்டிப் போயிருந்தாள்.

"என்ன குட்டி மிஸ், இன்னிக்கு எங்களுக்குப் பரீட்சை வைக்கப் போறீகளா?" என்று முன்வரிசை அக்காக்கள் சீண்டினார்கள். நான் விறைப்பாக உட்கார்ந்துகொண்டேன்.

ஓர் அக்கா எழுந்து, தன் அம்மாவைப் பற்றி எழுதியதை வாசித்தாள். அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. இரண்டு வரி போயிருக்கும். தூரத்தில் 'தொம்' என்றது. ஜன்னல் அதிர்ந்தது.

"கல்குவாரியா இருக்கும்," என்றது ஒரு குரல். யாரும் நம்பவில்லை. மேற்கே புகை எழுந்தது.

வகுப்பில் கைபேசிக்குத் தடை. சித்தியே, "எடுங்க, வீட்டுக்குப் பேசுங்க," என்றாள். ஆனால் கம்பெனிக்குள் யாரையும் கைபேசி கொண்டுபோக விடமாட்டார்கள். அந்த அக்கா, வாசல் ஆபீசில் இருக்கும் போர்மேனுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை.

சித்தி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அவரே கூப்பிடுவாரு. அதுவரைக்கும் நீ வாசிம்மா."

எனக்குச் சித்திமேல் கோபமாக வந்தது. அக்கா விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். எனக்கே புரிகிற ஆங்கிலம். வேலை நாளில் அம்மா கரண்டியால்தான் சாப்பிடுவாளாம். விரலில் ஏறிய வெடிமருந்துப் பொடி லேசில் போகாது. ஞாயிறு சாயங்காலம்தான் கை வெளுக்கும். அன்றைக்கு எல்லாருக்கும் சோறு பிசைந்து உருட்டிக் கொடுப்பாளாம்.

கைபேசி அடித்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்; போர்மேன் போனில் அவள் அம்மா.

"ஏத்தா, நான் நல்லாருக்கேன். அது நம்ம கம்பெனி இல்ல. நீ சாப்பிட்டியா?"

நான் கைதட்டப் போனேன். முன்வரிசை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தக் கம்பெனிம்மா?" என்று வாசித்த அக்கா கேட்டாள்.

பதில் வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருத்தி வெளியே ஓடினாள். அங்கே வேலைக்குப் போயிருந்த அவள் அப்பா பிறகு வீடு திரும்பவில்லை. வாசித்துக்கொண்டிருந்த அக்காவும் தாளைப் போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினாள். அம்மாதான் பிழைத்துவிட்டாளே, இவள் ஏன் ஓடுகிறாள்? அன்று எனக்கு விளங்கவில்லை. சித்தி ஏன் வாசிக்கச் சொன்னாள் என்பதும்தான். ஆனால் நான் பார்த்தேயிராத ஓர் அம்மாவை அந்த எளிய ஆங்கிலம் என் கண்முன் கொண்டுவந்தது; அப்படி எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

வரும் திங்கட்கிழமை, விருதுநகரில் ஒரு கல்லூரியில் ஆங்கில ஆசிரியையாக எனக்கு முதல் வகுப்பு. இலக்கணத்தில் தொடங்கு என்கிறார்கள். கேட்பதாக இல்லை. முதலில் ஒவ்வொருவரையும் தங்கள் வீட்டைப் பற்றிப் பேச விடப்போகிறேன், தமிழிலேயே. ஆங்கிலம் பின்னால் வரட்டும். அவர்கள் ஆங்கிலத்தில் எழுதி வாசிப்பதைக் கேட்க எனக்கு அவசரம்தான்; இருந்தாலும் பொறுத்துப் பார்க்கிறேன்.