செல்லியம்மாள் பெயரைப் போன் படித்தது

இலக்கியாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. சின்னசேலத்துக்காரி, புள்ளியெழுத்தில் படித்துத் தமிழில் பட்டம் வாங்கியவள். வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டாள். கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலையடிவார ஊர் ஒன்றில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் தானாகப் போய்ப் பெயர் கொடுத்தாள்.

வகுப்புக்கு ஒன்பது பெண்கள் வந்தார்கள். எல்லோரும் கரும்பு வெட்டவும் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கவும் போகிறவர்கள். வேலை முடிந்து சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் வந்து உட்கார்ந்தவர்கள், டீச்சர் கையில் வெள்ளைத் தடியைப் பார்த்ததும் குசுகுசுத்தார்கள்.

"இன்னாடி இது, இந்தப் பொண்ணுக்குக் கண்ணு தெரியலியே! நாம கிறுக்கறத எப்டிப் பாக்கும்?" என்றாள் செல்லியம்மாள். ஐம்பது வயது, மெல்லப் பேசத் தெரியாதவள்.

"நான் பாக்க மாட்டேங்க்கா. இது பாக்கும்," என்று இலக்கியா தன் போனைத் தூக்கிக் காட்டினாள்.

அட்டையில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவித்தான் அவள் சின்ன வயதில் வடிவம் கற்றிருந்தாள். அதே போன்ற எழுத்துகளை அவர்கள் கையிலும் கொடுத்தாள். அவர்கள் நோட்டில் எழுதியதும் போனை மேலே பிடிப்பாள். அது படம் பிடித்து, எழுதியிருப்பதை உரக்கப் படிக்கும். கோழி கிளறியதுபோல் எழுதினால் வாயே திறக்காது. போனைப் பேசவைக்க அவர்களுக்குள் போட்டியே வந்துவிட்டது.

மூன்றாவது வாரம் செல்லியம்மாள் தன் பெயரை எழுதி நீட்டினாள்.

"சொல்லியம்மாள்," என்றது போன்.

பக்கத்திலிருந்த பூமாலை விழுந்து விழுந்து சிரித்தாள். "போனுக்கே தெரிஞ்சிபோச்சுடி! ஊர்க்கதய எல்லாம் சொல்லிக்கினே திரியறவ நீதான!"

"எம் பேர மாத்த இது யாரு?" என்று செல்லியம்மாள் சீறினாள்.

"'செ'வுக்குப் பின்னாடி ஒரு கால் போட்டுட்டீங்க்கா. அந்தக் கால எடுத்துடுங்க."

காலை நீட்டி உட்கார்ந்திருந்த செல்லியம்மாள் சட்டென்று கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள். வகுப்பே குலுங்கியது. கடைசியில் அவளும் சிரித்துவிட்டாள்.

மறுநாள் ஒரு பக்கம் நிறையத் தன் பெயரை எழுதி வந்தாள். போன் "செல்லியம்மாள்" என்று தெளிவாகப் படித்தது. ஐந்து தடவை படிக்கச் சொன்னாள். தெருவில் போன புருஷன் முனியனைக் கூப்பிட்டு, "கேட்டுக்கோய்யா, எம் பேரு!" என்று ஆறாவது தடவையும் படிக்கவைத்தாள்.

பிறகொரு நாள் மனதில் தோன்றியதை எழுதச் சொன்னாள் இலக்கியா. செல்லியம்மாள் நோட்டைப் போன் தன் வழக்கமான ஏற்ற இறக்கமில்லாத குரலில் படித்தது: "டீச்சர் ரொம்ப பேசுது." எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் இலக்கியாதான்.

வகுப்பு முடிவில் வைத்த தேர்வில் ஒன்பது பேரும் தேறினார்கள். சான்றிதழ் வாங்கிக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது, செல்லியம்மாள் இலக்கியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இரு டீச்சர். ஒன் பஸ்ஸ நான் பாக்கறன்."

ஒரு பஸ் வந்து நின்றது. "சி... ன்... ன..." என்று அதன் பலகையை அவள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் நகர்ந்தது.

"யோவ், நிறுத்துய்யா! படிச்சிக்கினு இருக்கறன் இல்ல!"

பஸ் நின்றது. அவள் நிதானமாக முடித்தாள்: "சே... ல... ம். சின்னசேலம்! ஏறு டீச்சர்."