பொம்மிடி போலீஸ் ஸ்டேஷனில் ஒரு நட்சத்திரக் கூட்டம்

எழுபத்தொன்றாம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் நான் பொம்மிடியில் ரயிலை விட்டு இறங்கியபோது, பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவே ஒரு நோட்டும் ஒன்பது பிலிம்களும் இருந்தன. நோட்டு என்னுடையது. பிலிம்கள் நான் வேலை செய்த ஆராய்ச்சி நிலையத்தின் சொத்து. எடுத்து வந்தது யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி லீவு வாங்கியிருந்தேன்.

அப்போது நான் மூன்றாம் வருட ஆராய்ச்சி மாணவி. வெகுதொலைவில் உள்ள ஒரு நட்சத்திரக் கூட்டத்தில், அதன் சுருண்ட கைகளில், எங்கெங்கே புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்று கண்டுபிடிப்பது என் வேலை. புதிதாகப் பிறந்தவை தம்மைச் சுற்றியிருக்கும் வாயுவைச் சிவப்பாக ஒளிரவைக்கும். அந்த நிறத்தை மட்டும் பிடிக்கும்படி தொலைநோக்கியில் படமெடுத்தால் அந்த இடங்கள் நெகட்டிவ் பிலிமில் கறுப்புத் திட்டுகளாக விழும். கூட்டத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிலிம். ஒவ்வொரு திட்டையும் லென்ஸில் பார்த்து, இருக்குமிடத்தையும் அகலத்தையும் நோட்டில் எழுதுவேன். இரண்டு வருடம் இதைத்தான் செய்தேன்.

நவம்பர் கடைசியில் என் பேராசிரியர், "அந்த நோட்டை ஒரு வாரம் என்கிட்ட குடு. நான் ஃபாரின் போறதுக்கு முன்னாடி பாக்கணும்" என்றார். கொடுக்க எனக்கு மனமில்லை. எனக்கு முன்னால் அவரிடம் இருந்த ஒரு மாணவரின் வேலை, அந்த மாணவரின் பெயர் இல்லாமலேயே கட்டுரையாக வந்ததென்று ஹாஸ்டலில் ஒரு பேச்சு உண்டு. உண்மையா என்று விசாரிக்கத் துணிச்சல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. மேஜை இழுப்பறையில் நான் வைத்த வரிசையில் பிலிம்கள் இல்லை. நான் உள்ளே நுழைந்தால் அவர் போனில் குரலைத் தாழ்த்தினார். நான்காவது நாள் கிளம்பிவிட்டேன். நோட்டைப் பிலிம்களோடு சரிபார்த்து ஒரு பிரதி எழுதி முடிக்கும்வரை திரும்புவதில்லை என்பது திட்டம்.

எங்கள் ஊர் பொம்மிடியிலிருந்து நடக்கிற தூரம். அப்பா நிலத்தில் கேழ்வரகும், குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியும் போட்டுக்கொண்டிருந்தார். பகல் முழுக்க நான் தெருப்பக்க ஜன்னலில் பிலிமை வெளிச்சத்துக்குப் பிடித்து லென்ஸால் பார்ப்பேன், எழுதுவேன். நான் வந்த வாரம்தான் போர் மூண்டது. ரேடியோவில் ஒற்றர்களைப் பற்றி எச்சரித்தார்கள். தெருவில் போகிறவர்கள் எங்கள் ஜன்னலுக்கு நேரே வந்ததும் நடையைக் குறைப்பதை நான் கவனித்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்தார். நேரே ஜன்னலுக்குப் போய் ஒரு பிலிமை எடுத்துப் பார்த்தார்.

"இது எந்த ஊரும்மா?"

"ஊரு இல்லீங்க சார். நட்சத்திரக் கூட்டம்."

"கூட்டமா? எங்க நடக்குது?"

வானத்தில் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாக டிகிரி, நிமிஷம், செகண்ட்.

"இது மேப்புல எடம் குறிக்கிற கணக்கு. நான் என்.சி.சி.ல இருந்தவன், எங்கிட்டயே கத உடாத. மேலருந்து எடுத்த போட்டோ, எடத்துக்குக் குறிப்பு. யாருக்கும்மா அனுப்புற?"

"யாருக்கும் இல்லீங்க. என் படிப்புக்கு."

"அப்ப உங்க ஆபீசுல இருந்து ஆளு வந்து சொல்லட்டும்."

நோட்டையும், நான் பாதி எழுதியிருந்த பிரதியையும், பிலிம்களையும் எடுத்துக்கொண்டு போனார். யாரிடமிருந்து அவற்றை ஒளித்தேனோ, அந்தப் பேராசிரியருக்கே நான் தந்தி கொடுக்க வேண்டியதாயிற்று.

காத்திருந்த மூன்று நாட்களில் ஊரில் ஒருவரைக்கூட நான் நம்பவில்லை. வரப்புத் தகராறில் எங்களோடு பேசாதிருந்த பக்கத்துக் காட்டுக்காரர்தான் சொல்லியிருப்பார் என்று முதலில் நினைத்தேன். பிறகு போஸ்ட்மேன். கோயிலில் பூசைக்குப் போனபோது எனக்காக நகர்ந்து இடம்விட்ட பெண்ணைக்கூட சந்தேகப்பட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிப் பொருமிக்கொண்டிருந்தேன். கயிறு திரித்துக்கொண்டிருந்த அப்பா தலை நிமிராமல் சொன்னார்.

"யாரையும் திட்டாத பாப்பா. நாந்தான் போயி சொன்னன்."

நான் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"டீக்கடைல நாலு பேரு கேட்டாங்க, உம் பொண்ணு என்னமோ பிலிமு பாக்குதாமேன்னு. தப்பான சாமானா இருந்தா நாமளே போயி சொல்லிட்டா உன்ன உட்ருவாங்கன்னு நெனச்சன்."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம் இல்லப்பா?"

"கேட்டா நெசத்த சொல்லுவியா? அம்மாளுக்கு ஒடம்பு சரியில்லன்னு லீவு போட்டன்னு நீதான சொன்ன. அவ நல்லாத்தான இருக்கா. அங்க பொய் சொன்னவ இங்க சொல்ல மாட்டியா?"

மறுநாள் காலை ரயிலில் பேராசிரியர் வந்தார். போலீஸ் ஸ்டேஷனில் வெள்ளைச் சட்டை கசங்கி உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. நோட்டு யாருடையது, எண்கள் யார் எழுதியவை என்று எழுதித் தரும்படி சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். பேராசிரியர் யோசிக்கவே இல்லை. எல்லா அளவுகளும் இந்த மாணவி தானே எடுத்தவை, தன் பங்கு எதுவும் இல்லை, வானத்தைத் தவிர இவற்றுக்கு வேறு எந்த இடத்தோடும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் ஸ்டேஷன் ரைட்டரிடம், "எனக்கும் ஒரு காப்பி வேணுங்க" என்றேன்.

பேராசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எதற்கென்று அவருக்குப் புரிந்துவிட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் திருப்பித் தந்தார். பேராசிரியர் திரும்பிப் போகும் ரயிலுக்கு நேரமிருந்தது. பிளாட்பாரத்து பெஞ்சில் தன் பையைத் திறந்து ஒரு பிலிமை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது அதே கூட்டம். வேற ராத்திரி எடுத்தது. கிழக்குக் கையோட நுனியைப் பாரு."

லென்ஸை வைத்தேன். கையின் நுனியைத் தாண்டி, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் நான்கு திட்டுகளை நான் கண்டிருந்தேன். என் ஆராய்ச்சியில் நான் மிகவும் பெருமைப்பட்டது அவற்றைப் பற்றித்தான். இந்தப் பிலிமில் அங்கே ஒன்றுமே இல்லை. வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நட்சத்திரம் பிறந்திருந்தால் இரண்டு படத்திலும் இருக்க வேண்டும். நான் அளந்தவை நட்சத்திரங்கள் அல்ல, என்னிடமிருந்த பிலிமில் பூசிய மருந்தில் இருந்த பழுதுகள்.

"இதுக்காகத்தான் நோட்டைக் கேட்டேன்" என்றார். "உன் இழுப்பறையைத் திறந்ததும் நான்தான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சார்."

"சொன்னா நீ நோட்டைத் திருத்திடுவேன்னு நெனச்சேன். தெரியாம எழுதினதா, பேர் வாங்கணும்னு வேணும்னே சேத்ததான்னு எனக்குத் தெரியணும் இல்ல?"

முகம் எரிந்தது. ஆனால் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? பழைய மாணவரின் கட்டுரையைப் பற்றிக் கேட்டுவிட வாயெடுத்தேன். அதற்குள் ரயில் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், "நல்ல மனுசனா?"

"தெரியலப்பா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

பொங்கல் கழிந்து நிலையத்துக்குத் திரும்பினேன். நான்கு திட்டுகளையும் அடித்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் வேறு ராத்திரி எடுத்த பிலிம்களோடு ஒப்பிட்டு மறுபடி அளந்தேன். கட்டுரை அடுத்த வருடம் வந்தது, என் பெயர் முதலில். அது அவருடைய நேர்மையா, என் பெட்டியில் இருந்த போலீஸ் காப்பியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன்பின் இன்னும் ஆறு வருடம் அவரோடு வேலை செய்தேன். பிரதி எடுக்காமல் ஒரு பக்கம்கூட அவரிடம் கொடுத்ததில்லை. என் எண் ஒன்றைக்கூட அவர் தன் கையால் மறுபடி அளக்காமல் ஏற்றதில்லை. நாங்கள் சேர்ந்து எழுதியவற்றில் பிழை இருக்கிறதென்று அந்த ஆறு வருடத்தில் யாரும் எழுதவில்லை.