அண்ணன் வேனின் ரேடியேட்டர்

இறைவனில் இளைப்பாறும் எங்கள் அண்ணனைப் பற்றி இந்த முதலாம் ஆண்டு மலரில் எழுதும்படி அண்ணி சொன்னார்கள். "மரியாதையா எழுதுங்க தம்பி, உங்க கோமாளித்தனத்த அதுல காட்டாதீங்க" என்றும் சொன்னார்கள். முயல்கிறேன்.

அண்ணன் லிங்கராஜபுரத்தில் பிறந்தார். அப்பா இறந்ததும் பள்ளியை விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறினார். தம்பி தங்கைகளைப் படிக்க வைத்த பிறகுதான் தனக்கென்று ஒரு பழைய வேன் வாங்கினார். அதில் ஏறாத மணப்பெண் நம் குடும்பத்தில் இல்லை. பிரசவத்துக்கும் அதுதான், வேளாங்கண்ணிக்கும் அதுதான். என் கல்யாணத்தன்று பிரேசர் டவுன் சிக்னலில் அது புகைவிட்டபோது, மாப்பிள்ளைக் கோட்டுடன் குதித்து "தீ, தீ" என்று ஓடியவன் நான்.

"டேய், அது ஆவிடா! வந்து ஏறு, பொண்ணு மனசு மாறிடப் போவுது" என்று அண்ணன் கத்தியதை நீங்கள் யாரும் இன்னும் மறக்கவில்லை.

அவர் நோயில் படுத்த பிறகு வேனின் ரேடியேட்டரில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. ரேடியேட்டர் கடை பாயை வீட்டுக்கே அழைத்து வந்தேன்.

"பழைய செம்பு ஐட்டம். பத்தவச்சி ஓட்டைய அடைக்கலாம், இல்ல புதுசு போட்டா பல வருசத்துக்குக் கவலயில்ல" என்றார் பாய்.

"புதுசே போடுங்க பாய்" என்றேன். அவ்வளவு காலம் உழைக்கும் சாமானைப் போட்டுவிட்டால், அதை ஓட்ட அண்ணன் எழுந்து வந்துதானே ஆகவேண்டும்! டாக்டரிடம் எடுபடாத வாதம் மெக்கானிக்கிடம் எடுபடும் என்று நம்பிய அறிவாளி நான்.

கட்டிலிலிருந்து அண்ணன் கேட்டார்: "அடச்சா எவ்ளோ நாள் வரும் பாய்?"

"ஒரு வருசம் தாராளமா வரும்ணா."

"போதும். அடச்சிடுங்க."

"அது எப்பிடிண்ணா போதும்?" என் குரல் கீச்சிட்டது.

"எனக்குப் போதும்டா. சீட்டக் கழட்டினா பெட்டிக்கு நல்லா எடம் இருக்கும். என்னய இதுலயே கொண்டு போ. ஏசி வண்டில்லாம் எனக்குக் குளிரும்."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் எதிரில் அழக்கூடாது என்று நான் ஓடிப்போய், குளியலறைக் கதவென்று நினைத்து பீரோவைத் திறந்தேன்.

"அங்க என்னடா தேடற? உள்ள போய்ப் பூட்டிக்காத!" என்று அண்ணன் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுவே கடைசி.

பாய் அடைத்துக் கொடுத்தார். அண்ணன் சொன்னபடியே அந்த வேனில்தான் கொண்டுபோனோம். நான் ஓட்டினேன், நீங்கள் பின்னால் நடந்து வந்தீர்கள். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, "கொதிக்குது, கொதிக்குது" என்று அலறினேன். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலுடன் ஓடிவந்தீர்கள். உங்களோடு நடந்து வந்த பாய் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "கொஞ்சம் ஆறட்டும்" என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுத்த தம்பிமார்களுக்கும், அண்ணியைத் தனியாக விடாத பங்குச் சகோதரிகளுக்கும், கடைசிவரை பாடிவந்த பாடகர் குழுவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தண்ணீர் கொண்டுவந்தவர்களுக்கு நன்றியோடு ஓர் உண்மையும் சொல்லவேண்டும். அன்று வண்டி கொதிக்கவில்லை. பாய் அடைத்த இடம் ஒரு சொட்டுக்கூட கசியவில்லை; ஒரு வருடமாகியும் கசியவில்லை.

கல்லறைத் தோட்டம் வந்துவிட்டால் அண்ணனை இறக்கிவிட வேண்டுமே என்றுதான் நிறுத்தினேன்.