மதுரைக்கு ஒண்ணே கால் மணி நேரம்

சென்னையை அடுத்த ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஸ்டாப்வாட்சோடு லைன் லைனாகச் சுற்றுவது என் வேலை. ஒரு பாகத்தை மாட்ட எத்தனை நொடி ஆகிறது என்று அளந்து எழுதுவேன். ஒரு ஆள் நாளைக்கு எத்தனை மாட்ட வேண்டும் என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். ஆபரேட்டர் திருகாணிப் பெட்டி வரை நடந்து போய் வருவதை மட்டும் சேர்க்க மாட்டேன். நடை வேலையில் சேராது என்பது என் கட்சி. லைனில் எனக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

மதுரையில் தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு அண்ணன் நான் ஒருவன்தான். காலை பத்தரைக்குள் முகூர்த்தம். முதல் நாளே பஸ் ஏறியிருக்கலாம், வீம்பு விடவில்லை. "வானத்துல நானூத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஒண்ணே கால் மணி நேரம், ஒம்பது மணிக்கு மதுரை" என்று கேன்டீனில் அளந்தேன்.

விசேஷத்துக்கு நான் அழைத்திருந்த பிள்ளைப்பாக்கத்து ஆபரேட்டர் சாம்பாரைப் பிசைந்தபடியே கேட்டான்.

"இன்னா சார், வூட்லேர்ந்து ஏர்போர்ட்டு போற டைம், அங்க நிக்கிற டைம்லாம் யார் கணக்குல கீது?"

"அதெல்லாம் பயணத்துல சேராது."

"அப்ப நான் பஸ்லயே போய்க்கிறேன் சார்."

விசேஷத்தன்று காலை ஏழே முக்கால் விமானத்துக்கு, மண்ணூரில் நான் தங்கியிருக்கும் அறையிலிருந்து ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன். குன்றத்தூர் கடைத்தெருவில் கார் நின்றுவிட்டது. எதிரே வரிசையாக ஷிப்ட் பஸ்கள், அதில் இரண்டு எங்கள் கம்பெனியுடையவை. விமான நிலையத்தில் சீர்ப்பெட்டியோடு ஓடிப்போய் நின்றபோது கவுன்டரை மூடி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. வயிறெரிய அடுத்த விமானத்துக்கு டிக்கெட் வாங்கி உட்கார்ந்தேன். தங்கை போனில் கூப்பிட்டாள்.

"எங்கண்ணே இருக்க?"

"வந்துக்கிட்டே இருக்கேன்" என்றேன். நாற்காலியை விட்டு நகரவில்லை.

மண்டபத்துக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு. மொட்டைத் தலையும் சிவந்த காதுமாக மருமகன் தூங்கிக்கொண்டிருந்தான், ஆபரேட்டரின் மடியில்.

"முகூர்த்தம் முடியப் போகுதுன்னு ஆசாரி அவசரப்படுத்துனாரு. உன்கூட வேலை பாக்குறவரு எனக்கும் அண்ணன்தானே, உக்காரச் சொல்லிட்டேன்" என்றாள் தங்கை. அவள் கோபித்திருந்தால் தேவலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எத்தனை மணிக்குக் கிளம்பினேன் என்று கேட்டுவிட்டு ஆபரேட்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ரூம்லேர்ந்து ஆறே கால் மணி நேரம் சார். நீங்க சொன்ன ஒண்ணே கால் போக மிச்சம் அஞ்சு. அது சேராதுல்ல?"

பிள்ளையை வாங்கக் கை நீட்டினேன். அது விழித்து, என்னைப் பார்த்துவிட்டு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை முதல் வேலையாக, திருகாணிப் பெட்டி வரை ஆபரேட்டர் போய் வரும் நடையை அளந்தேன். எட்டு நொடியில் போய் வருகிறவன் அன்று மாப்பிள்ளை ஊர்வலம் போல நடந்தான். பன்னிரண்டு நொடி. தெரிந்தேதான் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.